பார்த்தவர் சொல்லவில்லை

ஷோபனாவின் காருக்குள் இன்ஜின் திரும்ப ஏறிவிட்டது என்கிற நல்ல செய்தியோடு போன வாரம் கதையைக் கோவில்பதாகை வீட்டில் நிறுத்தினோம்.

தை மாதம் இறக்கிய இன்ஜின். அன்றிலிருந்து தினமும் ஆவடியில் ரயிலேறி, நசுங்கி, பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டை வரை நடந்து வேலைக்குப் போய்வந்தவள் ஷோபனா. கார் அவளுடையது. முதல் வேலையில் சேர்ந்த வருஷம் அவளே வாங்கிய பழைய ஹேட்ச்பேக். "உன் வண்டிக்கு உயிர் குடுக்கறேன்" என்று சொல்லி அதைப் பிரித்துப் போட்டவன் அவள் கணவன் கௌதம்.

பிரித்துப் போட்ட இடம் அவன் மாமனார் வீட்டு ஷெட். கல்யாணமானதிலிருந்து கௌதமும் ஷோபனாவும் அந்த வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். மாமனார் ராஜசேகரன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஜின் பிரிவிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் கைபட்டதுதான் அவருக்கு இன்ஜின். மிச்சமெல்லாம் தையல் மெஷின். மருமகனை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அவர் அதைச் சொல்கிற தினுசில், வீட்டோடு கிடப்பவன், வாய்ச்சவடால், கைக்கு உதவாதவன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

கௌதமும் சளைத்தவனில்லை. மாமனார் வாயைத் திறந்தால் போதும், "அது டீசல் காலம் மாமா" என்று ஒரே வெட்டு. அதற்குமேல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

சனிக்கிழமை சாயந்திரம் ஒன்று நடந்தது.

கௌதமும் அவன் கூட்டாளி யூசுப்பும் பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார்கள். யூசுப் திருமுல்லைவாயிலில் லேத் பட்டறை வைத்திருப்பவன். சிலிண்டரை அகலப்படுத்திப் புது பிஸ்டன் போட்டது, தலைப்பகுதியைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியது எல்லாம் அவன் வேலை. மற்றதெல்லாம் கௌதம் கை.

யாருமில்லாத நேரம் பார்த்து ராஜசேகரன் ஷெட்டுக்குள் போனார். குறை கண்டுபிடிக்கத்தான் போனார். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு குனிந்தார்.

இன்ஜினிலிருந்து புகையை வெளியே தள்ளுவதற்காகக் கௌதம் புதிதாக வளைத்து மாட்டியிருந்த இரும்புக் குழாய்கள். அவற்றுக்கு ஒரு விரல் தள்ளி, பெட்ரோல் வருகிற ரப்பர் ஹோஸ். ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் பழையது, வாய் அகன்றது. வண்டி நின்ற இடத்தில் உறுமும்போது ஒன்றும் ஆகாது. ரோட்டில் மிதித்தால் அந்தக் குழாய் பழுக்கும். ரப்பர் இளகும். கிளிப் விடும்.

ராஜசேகரன் நிமிர்ந்தார். முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு சந்தோஷம்.

அவர் கணக்கு இதுதான். நாளைக்கு வெளிவட்டச் சாலையில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் எல்லாம் கூடுவார்கள். அவர்கள் முன்னால் வண்டி பெட்ரோலை ஒழுகவிட்டு, நாறி, நின்றுபோகும். தள்ளிக்கொண்டு வருவான். அப்போது வாசலில் நின்று "என்ன மாப்ள, டீசல் காலத்துல இப்படி நின்னதில்லையே" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் கச்சேரி களைகட்டியது. கௌதம், யூசுப், வெங்கட் மூன்று பேர். வெங்கட் கார் ஓட்டுவதைப் படம் பிடித்துப் போடுகிறவன். அவன் பார்வையில் தமிழ்நாட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் மொத்தமே நாலு பேர். அதில் ஒருவன் அவன்.

பெரிய ஜீப் மாதிரி வண்டி வாங்குகிறவர்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். மலை ஏறுகிற வண்டியை வாங்கி மாலில் பார்க்கிங் தேடுகிற கூட்டம் என்றான் வெங்கட். அடுத்து ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள். இடது காலை என்ன செய்வது என்று தெரியாத ஜென்மங்கள். அடுத்து கலருக்காகக் கார் வாங்குகிறவர்கள். பேச்சு அங்கே வந்தபோது ஷோபனா டீ கொண்டுவந்தாள்.

அவளுக்கு ஒரு புது ஹேட்ச்பேக் வாங்க வேண்டும். பழைய கார் இனி கௌதமின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு. அவள் வேலைக்குப் போக வேறு வேண்டும். அன்று சாயந்திரம் காட்டுப்பாக்கம் ஷோரூமில் ஓட்டிப்பார்க்கச் சொல்லி வைத்திருந்தாள். வாங்கப்போகிறவள் அவள். ஆனால் எதை வாங்குவது என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்.

"சிஸ்டர், எந்த வண்டி பார்த்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான் வெங்கட்.

சொன்னாள். ஜப்பான்காரன் செய்த சின்ன வண்டி. டர்போ கிடையாது. கையால் கியர் போடுகிறது. எடை குறைவு.

மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். யூசுப் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது கீரை வாங்கப் போகிற வண்டி என்றான் வெங்கட். ஹேட்ச்பேக் என்றால் ஓட்டுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும், இதில் தூக்கம்தான் வரும் என்றான். முகப்பேரில் ஒரு டாக்டர் விற்கிற ஜெர்மன் வண்டியைத் தான் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டதாகவும், டர்போ வண்டி என்றும், கொஞ்சம் கை வைத்தால் பறக்கும் என்றும் கௌதம் சொன்னான். ஷோபனாவுக்கு அது புதிய செய்தி.

"என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

"உன்னைக் கேட்டா நீ இன்னா சொல்லுவ? மைலேஜ் கேப்ப. டிக்கி பெருசாங்கறதைக் கேப்ப."

அவள் தட்டை ஸ்டூல்மேல் வைத்தாள். தனக்கு வேண்டியதை நிதானமாகச் சொன்னாள். வளைவில் திரும்பும்போது சக்கரம் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று ஸ்டீரிங் கைக்குச் சொல்ல வேண்டும். கியர் வெண்ணெய் மாதிரி விழ வேண்டும். வண்டி இலேசாக இருக்க வேண்டும். வேகம் அதற்குப் பிறகு.

வெங்கட் தன்னையறியாமல் தலையாட்டினான். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கௌதமுக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

"யூட்யூப்ல பார்த்து மனப்பாடம் பண்ணிகினு வந்திருக்கா" என்றான். சாவியை எடுத்து ஸ்டூல்மேல் எறிந்தான். "இன்னிக்கு இதை நீ ஓட்டு. ரிங் ரோடு வரைக்கும். ஓட்டிட்டு வந்து அப்புறம் பேசு, வண்டின்னா இன்னான்னு."

அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதல்ல விஷயம். அவள் மிரண்டு சாவியைத் திருப்பிக் கொடுப்பாள், எல்லாரும் சிரிக்கலாம் என்று நினைத்தான். அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் ராஜசேகரன் நின்றிருந்தார்.

மகள் டிரைவர் சீட்டில் உட்காருவதைப் பார்த்தார். கௌதம் அவள் தோள்மேலும் இடுப்பின்மேலும் நாலு பட்டை பெல்ட்டை இழுத்து நடுவில் பூட்டுவதைப் பார்த்தார். பந்தயக்காரர்கள் போடுகிற பெல்ட் அது. அவர் இரண்டு படி இறங்கினார். வாயைத் திறந்தார்.

கௌதம் திரும்பிப் பார்த்தான். "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது உங்க ஃபேக்டரி சாமான் இல்ல. இது நெசமாவே ஓடும்."

வெங்கட் வாய்விட்டுச் சிரித்தான்.

ராஜசேகரனின் வாய் மூடிக்கொண்டது. வண்டி கேட்டைத் தாண்டியது. வெங்கட் தன் காரில் முன்னால் போனான், யூசுப் பைக்கில் பின்னால் போனான். தெருவில் புகைதான் மிஞ்சியது.

* * *

ஒன்றை மறுக்கக் கூடாது. இன்ஜினை நன்றாகவே கட்டியிருந்தார்கள். பட்டாபிராம் தாண்டி ரோடு காலியானதும் ஷோபனாவுக்கே அது தெரிந்தது. மிதித்த மாத்திரத்தில் வண்டி எட்டிப் பாய்ந்தது. இத்தனை நாள் ரயிலில் நசுங்கியதைக்கூட ஒரு கணம் மறந்தாள்.

கௌதம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னான். கியரைச் சீக்கிரம் மாற்றுகிறாள், ஸ்டீரிங்கைக் குழந்தை மாதிரி பிடிக்கிறாள், பின்னால் வருகிறவன் சிரிப்பான். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறியதும் "இப்ப மிதி" என்றான். மிதித்தாள்.

சிறிது தூரம் போயிருப்பார்கள். மூக்கில் ஏறியது.

"பெட்ரோல் வாடை வருது."

பிரித்துக் கட்டிய வண்டி என்றால் வாடை வரத்தான் செய்யும் என்றான் கௌதம். ஷோரூம் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு எல்லாமே பயம்தான் என்றான். அவள் காலை எடுத்தாள். எடுக்காதே, இப்போதுதான் இன்ஜின் சூடு பிடிக்கிறது என்றான். முன்னால் பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக எழும்பியது. வெள்ளை ஒரு நொடியில் கறுப்பானது.

ஷோபனா இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கம் ஒதுக்கி, வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்தாள். பெல்ட்டில் கை வைத்தாள். நடுவில் வட்டமாக ஒரு பூட்டு. அழுத்தினாள். திறக்கவில்லை. இழுத்தாள். திறக்கவில்லை. அதைத் திருகிக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கௌதமுக்கு அந்தப் பூட்டு பழக்கம். தன்னுடையதை ஒரே திருகில் கழற்றிவிட்டுக் கீழே குதித்தான்.

"கௌதம், பெல்ட்டு வரல."

அவன் பானெட்டை நோக்கி ஓடினான். "ஐயோ இன்ஜினு" என்று கத்திக்கொண்டே அதைத் தூக்கினான். காற்றுக்காகக் காத்திருந்த நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது.

டேஷ்போர்டின் துவாரங்கள் வழியாகப் புகை உள்ளே வந்தது. ஷோபனாவுக்குத் தூக்கிய பானெட்டின் ஓரத்தில் நெருப்பும், நெருப்புக்கு அந்தப் பக்கம் கணவனின் தோளும் தெரிந்தன. அப்போது அவள் பக்கக் கதவு திறந்தது. யூசுப். பைக்கை ரோட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். உள்ளே கையை விட்டு, பூட்டைத் திருகி, அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து, மண்ணில் உட்காரவைத்தான்.

திரும்ப ஓடிப்போய்க் கௌதமின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும் அவன்தான். அதில் யூசுப்பின் வலது கை முழங்கைவரை வெந்தது. எண்ணெய் டாங்கர் ஓட்டிவந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, தன் அணைப்பானைக் கொண்டுவந்து நெருப்பை அடக்கினார். முன்பாதி கரியாகியிருந்தது.

கௌதம் மனைவியிடம் வந்தான். மூச்சிரைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது.

"ஆக்ஸிலேட்டரைக் கட்டை வரைக்கும் மிதிச்சியா? எவ்ளோ ஸ்பீடு ஏத்தின?"

ஷோபனா அவனையே பார்த்தாள். வீட்டில், நாலு பேர் முன்னால், அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம்.

"நீ என் பெல்ட்டைக் கழட்டலை" என்றாள்.

அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கரிந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். ஹோஸின் மிச்சம் கருகித் தொங்கியது, கிளிப் விட்டுப்போயிருந்தது. யூசுப்பின் பக்கம் திரும்பினான்.

"இன்னா கிளிப்புடா இது?"

"நீதானே மச்சான் மாட்டின" என்றான் யூசுப். கையை மார்போடு அணைத்திருந்தான். "புச்சு வாங்கியாரேன்னு சொன்னேன். இதுவே போதும்னுட்ட."

பட்டறையில் டிராக்டர் பார்க்கிறவனை இன்ஜினில் கை வைக்க விட்டது தன் தப்பு என்றான் கௌதம். இதைச் சொல்லும்போது வெங்கட்டும் இன்னும் சிலரும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னான். வெந்த கையைவிட அதுதான் யூசுப்புக்கு எரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷோபனா எழுந்து மண்ணைத் தட்டினாள். ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். "வாங்கண்ணே" என்று யூசுப்பை ஏற்றிக்கொண்டு பட்டாபிராமில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். கௌதம் கரிந்த வண்டியின் பக்கத்தில் நின்று வெங்கட்டுக்கு இன்ஜினை விளக்கிக்கொண்டிருந்தான்.

* * *

கோவில்பதாகையில் ராஜசேகரன் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

போனைக் கையில் எடுத்தார், வைத்தார். கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் என்ன கேட்பான் மாப்பிள்ளை? நேற்றே பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். சிநேகிதர்களை வைத்துக்கொண்டு கேட்பான். ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒழுகும், நாறும், நிற்கும், அவ்வளவுதான். போனை மறுபடி எடுத்தார்.

மனைவி லோகநாயகி சமையலறையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, உனக்கு ஒன்றும் புரியாது என்றார். இத்தனை வருஷமாக அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் பதில்தான் அது. அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. ஷோபனா இறங்கினாள். துப்பட்டா மண்ணும் கரியுமாக இருந்தது. லோகநாயகி ஓடிவந்து அவள் கன்னத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வண்டி பத்திக்கிச்சு. யூசுப் அண்ணனுக்குத்தான் கை வெந்துபோச்சு."

ராஜசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஹோஸ் ஒழுகும்னுதான் நெனைச்சேன், பத்திக்கும்னு நெனைக்கலம்மா" என்றார்.

லோகநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷோபனா அம்மாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"எந்த ஹோஸ்?"

அவர் லோகநாயகியைப் பார்த்தார்.

"நான் ஹோஸ்னு சொல்லவே இல்லையேப்பா."

அதற்குப் பிறகு மறைக்க வழியில்லை. நேற்று சாயந்திரம் பார்த்ததாகச் சொன்னார். கிளிப்பையும் பார்த்தேன், குழாய் பக்கத்தில் ஓடுவதையும் பார்த்தேன் என்றார். அவன் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். "ஷெட் என்னுது. எத்தனை மாசமா என் ஷெட்டுல வேலை நடக்குது. ஒருநாள், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மாமா இதைப் பாருங்கன்னு சொன்னானா?"

"நான் சீட்டுல உக்காரும்போது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பார்த்தார்டி" என்றாள் லோகநாயகி. அவள் குரல் மகளுக்கே புதிதாக இருந்தது. "படியிலதான் நின்னார். நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் சும்மா நின்னுட்டார்."

யாரும் அழவில்லை. ஷோபனா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் அவருக்கு ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும். வந்தது கோபமில்லை. மருமகனைப் பார்க்கும்போது அவர் முகத்தில் எது இருக்குமோ அதுதான் இப்போது மகளின் முகத்தில் இருந்தது.

குளித்து, வேறு சுடிதார் மாற்றிக்கொண்டு கீழே வந்தாள். எங்கே என்று அம்மா கேட்டாள். காட்டுப்பாக்கம், வண்டி ஓட்டிப்பார்க்க என்றாள்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தாம்மா."

* * *

ஷோரூமில் கார்த்திகா என்கிற பெண் அவளுக்கு வண்டியைக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்சநாள்தான் ஆகியிருக்க வேண்டும். கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஷோபனா. சாதாரண பெல்ட், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். ஓட்டுவதற்கு முன் அதை இரண்டு தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தாள். கார்த்திகா ஏன் என்று கேட்கவில்லை.

போரூர் ரோட்டில் நெரிசல். ஒரு குறுக்குத் தெருவில் திரும்பி, வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பாதையைப் பிடித்தாள். இரண்டாம் கியரில் ஒரு வளைவு. வண்டி சொன்னபடி கேட்டது. தார் முடிந்து மண் தொடங்கும் இடம்கூட உள்ளங்கைக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அங்கேதான் வெளியே வந்தது. சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். கார்த்திகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏசியைக் கூட்டினாள்.

திரும்பி வந்து நிறுத்தியபோது போன் அதிர்ந்தது. கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கௌதம் எழுதியிருந்தான். இன்ஜின் அருமையாக வந்திருந்ததாம். ஒரு லேத்துக்காரனை நம்பிக் கிளிப் வேலையை விட்டதில் எல்லாம் போச்சாம். கீழே வரிசையாக மற்றவர்கள். லேத்துக்காரன் புத்தி, வெல்டிங்காரன் புத்தி என்று கைதட்டிச் சிரிக்கிற பொம்மைகள். ஷோபனாவும் அந்தக் குழுவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேருக்கு டிபன் என்று தெரிவதற்காகக் கௌதம் சேர்த்துவைத்திருந்தான். அவள் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

இப்போது எழுதினாள்.

'கிளிப் மாட்டினது கௌதம். வேணாம்னு சொன்னது யூசுப் அண்ணன். உள்ள மாட்டிகிட்ட என்னை வெளிய எடுத்ததும் அவர்தான். கௌதம் அப்போ பானெட்டைத் திறந்துட்டு இருந்தார்.'

அனுப்பினாள். குழுவிலிருந்து விலகினாள். உடனே கௌதமின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி ஒளிர்ந்தது.

காரிலிருந்து இறங்கியபோது கேட்டருகே ராஜசேகரன் நின்றிருந்தார். பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை, அம்மா சொல்லியிருப்பாள். கிட்டே வந்தார். புது வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தையல் மெஷின் என்று சொல்லவில்லை.

"பானெட்டைத் திறம்மா. ஒரு தடவை பார்த்துடறேன்."

ஷோபனா சாவியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"பார்த்தா சொல்லுவீங்களாப்பா?"

வாழ்நாளில் எல்லாருக்கும் பதில் வைத்திருந்த மனிதர் அவர். ரோட்டில் பஸ்கள் போயின. அவர் கை பானெட்டின்மேல் போய் நின்றது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இதே வண்டிதானா என்று கேட்டாள். இதேதான் என்றாள் ஷோபனா. கார்த்திகா பெயர் அடித்தாள். விரல்கள் நின்றன.

"இனிஷியல் மேடம்? அப்பா பேருதா, ஹஸ்பண்ட் பேருதா?"

மேஜைமேல் போன் மறுபடி அதிர்ந்து, நகர்ந்து, விளிம்புக்கு வந்தது. கண்ணாடிக்கு வெளியே ராஜசேகரன் சாயந்திர வெயிலில் அதே இடத்தில் நின்றிருந்தார், மூடிய பானெட்டின்மேல் கையை வைத்தபடி.

"ரெண்டும் இப்ப வேணாம்" என்றாள் ஷோபனா. "பேரை மட்டும் போடுங்க."

"அட்ரஸ்?"

"அதை நாளைக்குச் சொல்றேன்."